ஆடி மாதத்துக்கும் சந்தா: பிரீமியரா, ரிசால்வா, எடியஸா?

ஆடியில் முகூர்த்தம் இல்லை. மார்கழியை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும், இங்குள்ள கல்யாண வீடியோ எடிட்டர்களின் காலண்டர் ஒன்றாகவேதான் இருக்கிறது. தையில் வேலை குவியும், வைகாசியில் தூக்கம் தொலையும், ஆவணியில் மறுபடி ஒரு சுற்று. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நிக்காஹ் வேலைகள் வைத்திருப்பவர்களுக்கு ஆடியிலும் கொஞ்சம் ஓடும்; அவர்களுக்கு ரமலான் மாதம் காயும். வருமானம் இப்படி விட்டுவிட்டு வரும் தொழிலில், மாதம் தவறாமல் பணம் கேட்கும் மென்பொருளை நம்பி இறங்குவது சரியா என்று இளம் எடிட்டர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சத்துவாச்சாரியில் ஒரு சின்ன அறையில் எடிட்டிங் செய்கிறேன். எடிட்டிங்கை ‘மிக்சிங்’ என்று சொன்ன காலத்து ஆட்களிடம் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் தொழில் பழகி, அடோபியின் பிரீமியர் புரோவில் சில சீசன்களை ஓட்டி, இப்போது டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவை விலைக்கு வாங்கியிருக்கிறேன். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

வெட்டுவது, ஒட்டுவது, நான்கு கேமராவை ஒரே டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) ஒத்திசைப்பது, பாட்டுக்கு ஏற்ப ஹைலைட் என்ற சுருக்க வீடியோ கட்டுவது ஆகிய எல்லாவற்றையும் எல்லா மென்பொருளும் செய்யும். அதில் எது வேகம் என்று சண்டை போடுவது வீண். கை பழகியதுதான் வேகம்.

எடியஸை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் அதன் மேல் இன்னும் பாசம் குறையவில்லை. சுமாரான கணினியிலும் ஓடும், கலவையான கேமரா கோப்புகளை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும், மூன்று மணி நேரக் கல்யாணத்தை முழுநீளமாகத் தொகுத்துக் கொடுப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை அன்றிரவே தொகுத்து உள்ளூர் கேபிளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் நான் இன்றும் எடியஸைத்தான் தேடுவேன். சந்தாவும் இல்லை, ஒருமுறை வாங்கினால் போதும். தயக்கம் எதிர்காலத்தில்தான். ஜப்பானின் கேனோபஸ் உருவாக்கிய இந்த மென்பொருள் தாம்சன், கிராஸ் வேலி, பெல்டன் என்று கைமாறி, 2020இல் கிராஸ் வேலியோடு சேர்ந்து பிளாக் டிராகன் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் போனது. அதன் பிறகும் 11ஆம் பதிப்பு வரை வந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் யாரும் எடியஸ் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. கற்றுக்கொள்ள ஆள் வராத கருவி, நன்றாக இருந்தாலும் வயதாகிக்கொண்டுதான் இருக்கும்.

ஆப்பிளின் ஃபைனல் கட் புரோவைக் காட்பாடியில் ஒரு நண்பரின் மேக்கில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம். 299.99 டாலருக்கு ஒருமுறை வாங்கியவர்கள் 2011 முதல் மேக்கில் இலவசமாகவே புதுப்பித்து வருகிறார்கள். அது சிறிய விஷயமல்ல. மேக் வாங்க வேண்டுமே என்பதுதான் கணக்கு இடிக்கும் இடம். அவிட் மீடியா கம்போசர் பெரிய திரைப்படங்களின் உலகம். 2023இல் அந்த நிறுவனத்தையே ஒரு முதலீட்டு நிறுவனம் சுமார் 140 கோடி டாலருக்கு வாங்கியது. நம் தெருவுக்கு அந்தப் பேச்சு தேவையில்லை.

மிச்சமிருப்பது பிரீமியரும் ரிசால்வும். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கல்யாண எடிட்டர் டெலிவரி கொடுத்துப் பணம் வாங்கியதோடு வேலை முடிவதில்லை. இரண்டு வருடம் கழித்துக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு, கல்யாணக் காட்சிகளைச் சேர்த்து ஒரு வீடியோ கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அக்காள், தன் பிள்ளைகள் ஹைலைட்டில் இல்லை என்று கோபித்துக்கொள்வார். தாத்தா இறந்துபோவார், பதினாறாம் நாள் படத்திறப்புக்கு, அவர் பேரனை ஆசீர்வதிக்கும் அந்த நான்கு விநாடிக் காட்சி வேண்டும் என்று மகன் வந்து நிற்பார். “அண்ணா, உங்ககிட்ட இருக்கும்தானே?” என்பார். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. ஆனால் நான்கு கேமராவின் மூலக் கோப்புகளுக்குள் அந்த நான்கு விநாடி எங்கே என்று தெரிந்துவைத்திருப்பது ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும்தான். வெட்டிய இடம், அமைத்த நிறம், ஒலியின் அளவு எல்லாம் அதற்குள் இருக்கிறது. அந்த ஃபைல் ஐந்து வருடம் கழித்துத் திறக்குமா என்பதை வைத்துத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ரெண்டர் (இறுதி வீடியோவாக மாற்றும்) வேகம், எஃபெக்ட் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு.

சந்தா முறையில் ப்ராஜெக்ட் ஃபைல், அடகு வைத்த நகையைப்போல: பொருள் நம்முடையதுதான், ஆனால் கண்ணால் பார்க்கவும் பணம் கட்ட வேண்டும். 2013 மே மாதத்தில், இனி நிரந்தர உரிமத்தில் புதிய பதிப்புகள் வராது, கிரியேட்டிவ் கிளவுட் சந்தாதான் என்று அடோபி அறிவித்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த சிஎஸ்6 தான் சொந்தமாக வாங்கக் கிடைத்த கடைசி பிரீமியர். சந்தாவை நிறுத்தினால் ஃபைல் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். திறக்க மென்பொருள் இருக்காது. ஆடியில் நிறுத்தி ஆவணியில் சேரலாம் என்று நினைப்பவர்கள், வருட ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டுகிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தத் திட்டத்தை இடையில் முறித்தால் தனிக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைச் சரியாக வெளிச்சம்போட்டுச் சொல்லவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி மீது வழக்குத் தொடுத்தது.

பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு காலம் தள்ளலாமே என்றால், அதற்கும் 2019 மே மாதத்தில் ஒரு பதில் வந்தது. கிரியேட்டிவ் கிளவுட்டின் சில பழைய பதிப்புகளைப் பயன்படுத்த இனி உரிமம் இல்லை என்று வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போனது. அதே வருடம் அக்டோபரில் அமெரிக்க அரசின் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுலாவின் எல்லா அடோபி கணக்குகளையும் முடக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. சில வாரங்களில் அரசின் அனுமதி பெற்று அதைத் திரும்பப் பெற்றார்கள். நமக்கு அப்படி நேரும் என்று நான் சொல்லவில்லை. நம் வேலையின் சாவி எங்கே தொங்குகிறது என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது.

சந்தா இல்லாவிட்டால் எல்லாம் சுகம் என்றும் எண்ண வேண்டாம். 2011 ஜூனில் வந்த ஃபைனல் கட் புரோ எக்ஸ், முந்தைய ஃபைனல் கட் 7 ப்ராஜெக்ட்டுகளைத் திறக்கவே இல்லை. உலகம் முழுக்க எடிட்டர்கள் கொதித்தார்கள். பிரீமியர் வளர்ந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். ஆனால் வேறொரு பக்கமும் உண்டு. 2020இல் ஆஸ்கர் வென்ற கொரியப் படம் ‘பாரசைட்’ அந்தப் பழைய ஃபைனல் கட் 7இல்தான் தொகுக்கப்பட்டது. கைவிடப்பட்ட மென்பொருளானாலும், சொந்தமாக இருந்ததால் அந்த எடிட்டர் பழைய இயந்திரத்தோடு அதை வைத்துக்கொள்ள முடிந்தது.

ரிசால்வுக்கு நான் மாறியது இந்தக் கணக்கில்தான். ஒரு காலத்தில் லட்சக்கணக்கான டாலர் விலையில் தனி இயந்திரமாக விற்ற நிறத்திருத்தக் கருவி அது. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் வாங்கியது. பிறகு எஃபெக்ட்டுகளுக்கான ஃபியூஷன், ஒலிக்கான ஃபேர்லைட் ஆகியவற்றையும் வாங்கி உள்ளே சேர்த்து, 2017இல் ஸ்டூடியோ என்ற கட்டணப் பதிப்பின் விலையை 299 டாலராக இறக்கியது. இப்போது அமெரிக்கப் பட்டியலில் 295. பிரீமியர் மட்டும் எடுத்தால் அங்கே மாதம் 22.99 டாலர், ஒரு வருடச் சந்தா கிட்டத்தட்ட ரிசால்வின் ஆயுள் விலை. நம் ஊரில் வரியும் விலையும் வேறு, ஆனால் கணக்கின் திசை அதேதான். ஒரு உரிமத்தை இரண்டு கணினிகளில் போடலாம். இதுவரை வந்த பெரிய பதிப்புகள் எல்லாம் இலவசமாகவே வந்தன. பழைய பதிப்புகளையும் நிறுவனத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ள முடிகிறது. கையில் காசே இல்லாவிட்டாலும், அல்ட்ரா எச்டி வரை வேலை செய்யும் இலவசப் பதிப்பு பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்து காட்டும். ஸ்டூடியோவுக்கே உரிய எஃபெக்ட்டுகள் மட்டும் சரியாக வராது.

பிளாக்மேஜிக்குக்கு இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்றால், அவர்கள் கேமராவும் ஸ்விட்சரும் விற்கிறார்கள், மென்பொருள் அதற்கு விளம்பரம். அந்த வியாபாரம் மாறினால் விலையும் மாறலாம். இலவசப் புதுப்பிப்பு இன்றுவரை வழக்கம். எழுதிக்கொடுத்த வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அன்றைக்கும் நான் வாங்கிவைத்த பதிப்பு என் கணினியில் ஓடும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசப்ஷன் மேடையில் ஊதா எல்.இ.டி., மணமகன் முகத்தில் மஞ்சள் வீடியோ லைட், பக்கத்தில் அரக்கு நிறப் பட்டு. இந்த மூன்றையும் சமாதானப்படுத்தி மனித முகத்தை மனித முகமாக மீட்பதில் ரிசால்வுக்கு நிகராக நான் வேறெதையும் பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. ரிசால்வ் கிராபிக்ஸ் கார்டைத் தின்னும். கார்டின் நினைவகம் போதாமல், நள்ளிரவில் ரெண்டர் பாதியில் நிற்கும். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஏ.சி. இல்லாத அறையில் அந்தக் கார்டை ஓட்டுவது தனிச் செலவு. இப்போதைய கேமராக்கள் எழுதும் 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகள் (நிற விவரம் அதிகமாகவும் இறுக்கமாகச் சுருக்கியும் பதிவானவை) இன்னொரு தலைவலி. விண்டோஸில் அவற்றுக்கு இலவசப் பதிப்பு உதவாது. ஸ்டூடியோ இருந்தாலும், 11ஆம் தலைமுறை முதல் வந்த, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள இன்டெல் பிராசசரோ என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை போன்ற கார்டோ இல்லாவிட்டால் டைம்லைன் தள்ளாடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ரிசால்வ் ப்ராஜெக்ட்டைத் தனி ஃபைலாக வைக்காமல் தன் டேட்டாபேஸுக்குள் வைத்துக்கொள்கிறது. வழக்கமான அமைப்பில் அது சி டிரைவில் இருக்கும். காட்சிகளெல்லாம் வேறு டிஸ்க்கில் இருக்கிறதே என்று நம்பி, கணினி மெதுவாக இருக்கிறதென்று சி டிரைவை ஃபார்மட் செய்யக் கொடுத்தவர்கள் ஒரு சீசன் உழைப்பையே இழந்திருக்கிறார்கள். டெலிவரி கொடுத்த அன்றே ப்ராஜெக்ட்டை வெளியே ஏற்றுமதி செய்து, மூலக் கோப்புகள் இருக்கும் அதே டிஸ்க்கில் போட்டு, பக்கத்தில் எந்தப் பதிப்பில் செய்தது என்று எழுதிவைக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்தது பழையதில் திறக்காது. பிரீமியரிலும் இதே கதைதான், ஆனால் அங்கே ஃபைல் கண்ணெதிரே இருப்பதால் மறப்பது குறைவு.

யார் பிரீமியரிலேயே இருக்கலாம்? சென்னை ஸ்டூடியோக்களிடமிருந்து வேலை வாங்கிச் செய்பவர்கள். ஸ்டூடியோக்காரர்கள் பிரீமியர் ப்ராஜெக்ட் அனுப்பினால் பிரீமியரில்தான் திருப்பிக் கேட்பார்கள்; சந்தாவை அந்தக் கூலியிலேயே சேர்த்து வாங்கிவிடலாம். அடோபியின் இன்னொரு மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அசையும் தலைப்பு செய்து பிழைப்பவர்களுக்கும் அதுவே வசதி. ஃபியூஷன் வல்லமையானதுதான், ஆனால் நான் அதில் பெயர் ஓடவிடுவதைத் தாண்டவில்லை, எனவே அது ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் இடத்தைப் பிடிக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. காசு கொடுக்காத பிரதியில் பிரீமியர் ஓட்டுகிறவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. ஆனால் அவர்கள்தான் ரிசால்வின் இலவசப் பதிப்பை முதலில் முயன்று பார்க்க வேண்டியவர்கள்.

மாறுவதாக இருந்தால் வைகாசிக்கு நடுவில் மாறாதீர்கள். ஆடியில், முடிந்துபோன ஒரு கல்யாணத்தை எடுத்து, பிரீமியரிலிருந்து எக்ஸ்எம்எல் ஆக (வெட்டுகளின் விவரத்தை வேறு மென்பொருளும் படிக்கும்படி எழுதிவைக்கும் கோப்பாக) அனுப்பி ரிசால்வில் திறந்து பாருங்கள். வெட்டுகள் வரும், எஃபெக்ட்டுகளில் பெரும்பகுதி வராது. பழைய சீசன்களின் ப்ராஜெக்ட்டுகள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு எக்ஸ்எம்எல் எடுத்துவைத்த பிறகுதான் சந்தாவை நிறுத்த வேண்டும்.