சார்ட்டுக்கு நல்ல மார்க், சீட்டுக்குப் பாதிதான்: கடற்கரைப் பள்ளிகளின் கண் சோதனை

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, சாயல்குடி என்று கடலை ஒட்டிய அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளின் கண்ணை இரண்டு பேர் பார்க்கிறார்கள். சார்ட்டை மாட்டி, பார்வை குறைந்த பிள்ளைகளைப் பிரித்து வைப்பவர் ஆசிரியர். அதற்குப் பிறகு வருவது ஆர்.பி.எஸ்.கே. வண்டி. 2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அது. அங்கன்வாடிக்கு வருஷத்தில் இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை வரவேண்டும். சோதனைக்குக் காசில்லை, கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடிக்கும் காசில்லை. கிட்டப்பார்வையை, அதாவது தூரத்தில் உள்ளது மங்குவதை, பிடிக்க இந்த ஏற்பாடு போதும். மற்றதற்கெல்லாம் யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான்.

முதலில் சார்ட். ஆறு மீட்டருக்கான ஸ்நெல்லன் சார்ட்டில் மேலே இருக்கும் 6/60 எழுத்து (நல்ல கண்ணுக்கு 60 மீட்டரிலேயே தெரிவது) 87 மில்லிமீட்டர் உயரம் இருக்கவேண்டும். பாஸ் வரிசையான 6/9-ன் எழுத்து 13 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. ஏ3 சார்ட்டை ஏ4-ல் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தால் மேல் எழுத்து 6 சென்டிமீட்டருக்குச் சுருங்கி, 6/9 வரிசை கிட்டத்தட்ட 6/6 ஆகிவிடும். பிறகு பாதி வகுப்புக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு எழுதவேண்டியதுதான்.

அடுத்து இடம். பழைய ஓட்டுக் கட்டடத்தில் ஆறு மீட்டர் நேர்கோடு கிடைப்பது கஷ்டம் என்று வராண்டாவுக்கு வருவார்கள். கடல் வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கும்படி சார்ட்டை மாட்டினால் பிள்ளைக்குத் தெரிவது கறுத்த அட்டைதான். வெளிச்சம் சார்ட்டின் முகத்தில் விழவேண்டும், பிள்ளையின் முகத்தில் விழக்கூடாது. கூசினால் பிள்ளை கண்ணை இடுக்கும். இடுக்கிய கண் ஊசித்துளை மாதிரி வேலை செய்து, மைனஸ் ஒன்று பவர் உள்ள பிள்ளையும் 6/9 படித்து பாஸாகிவிடும். ஆனி, ஆடிக் காற்றில் சார்ட் படபடக்காமலிருக்கப் பின்னால் ஒரு கெட்டி அட்டை போதும்.

ஒரு கண்ணை உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்லவேண்டும். விரலால் மூடினால் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும். அழுத்தி மூடினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது மங்கலாகத் தெரியும். சின்ன வகுப்புக்கு, E எழுத்தைப் பல பக்கம் திருப்பிப் போட்ட ஈ சார்ட்டே நல்லது, எழுத்தின் கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொன்னால் போதும். வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகள் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார்கள். அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள். ஒரு கண்ணுக்கு அரை நிமிஷம் வைத்தால் 120 பிள்ளைக்கு இரண்டு மணி நேரம். எடை, உயரம், பல், காது எல்லாம் ஒரே காலையில் பார்க்கிற குழுவால் இது முடியாது. அதனால் ஆசிரியர் முன்கூட்டியே சோதித்து வைத்த பள்ளியில்தான் இந்தச் சேவை உருப்படியாக நடக்கும்.

இனி, சார்ட் கோட்டை விடும் இடங்கள். தூரப்பார்வைக் குறை (பிளஸ் பவர் தேவைப்படுவது) உள்ள பிள்ளை கண்ணை முறுக்கிப் பிடித்து 6/6 வரை படித்துவிடும். சாயந்தரம் தலைவலி, புத்தகம் எடுத்தால் எரிச்சல் என்பது மட்டும் வீட்டில் தெரியும். இதற்குப் பிளஸ் இரண்டு லென்ஸ் ஒரு ஜோடி போதும். அதைப் போட்ட பிறகும் 6/9 படிக்கிறதென்றால் சந்தேகம்தான், சீட்டு எழுதலாம். நல்ல கண்ணுக்கு அந்த லென்ஸில் சார்ட் கலங்கவேண்டும். பெட்டியில் இது இல்லாத முகாம்தான் அதிகம், இது பெரிய குறை.

சோம்பேறிக் கண், அதாவது ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராமல் போவது, இன்னும் மோசம், மற்ற கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளையே குறை சொல்லாது. ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் நல்ல கண்ணை மூடி வைக்கும் சிகிச்சைக்கு நன்றாக இணங்கும், பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். ஆறாம் வகுப்பிலிருந்துதான் அக்கறையாகச் சோதிப்பது என்றால் முக்கியமான வருஷங்கள் போய்விட்டன. ஒன்றாம் வகுப்பிலேயே ஒவ்வொரு கண்ணையும் தனியாகப் பாருங்கள், டார்ச் வெளிச்சம் இரு கருவிழியிலும் ஒரே இடத்தில் மின்னுகிறதா என்றும் பாருங்கள். ஃபிளாஷ் போட்டோவில் ஒரு கண்ணில் மட்டும் வெள்ளையாக மின்னினால் அடுத்த முகாம்வரை காத்திருக்கக்கூடாது. கண் புற்றாகவும் இருக்கலாம், அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரி.

6/6 படித்துவிட்டுப் போகும் இன்னொரு கூட்டம், வெயில் காலத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பையன்கள். அரிப்பு, நூல் மாதிரி பீளை, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு ஒரே நாளில் சுகம் தரும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். “கண் அரிக்குதா? என்ன சொட்டு விடுறே?” என்று இரண்டு கேள்வி கேட்கச் சோதனைப் படிவத்தில் இடமிருந்தால் பாதிப் பேர் தப்பிப்பார்கள். கருவேல முள் குத்திய கண்ணையும் இதோடு சேர்க்கலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாமல் அன்றே காட்டவேண்டும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் பூஞ்சைக் கிருமி இறங்கியிருக்கலாம்.

சீட்டுக்கு வருவோம், மதிப்பெண் குறைவது இங்கேதான். இராமேஸ்வரம் பிள்ளைக்கு ‘இராமநாதபுரம் ஜி.எச்.’ என்று எழுதிக் கொடுத்தால் போக மட்டும் 55 கிலோமீட்டர். அங்கே சொட்டு விட்டு, கண்மணியை விரித்துத்தான் பவர் பார்ப்பார்கள்; அது இல்லாமல் பவர் பார்க்கும் மெஷின் அச்சிட்டுத் தருவதை வைத்துக் கண்ணாடி எழுதினால் மைனஸ் கூடிப்போகும். சொட்டு விட்ட அன்று பாடம் படிக்க முடியாது, அட்ரோபின் போட்டால் பத்து நாளுக்கு மேலும் கூசும். அப்பா கடலில், அம்மா பாசி எடுக்க, யார் கூட்டிப் போவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நடுவில் கோடை விடுமுறை. விசைப்படகில் போகும் அப்பாக்கள் வீட்டில் இருக்கும் நாட்கள் அவை. சோதனையைப் பிப்ரவரி, மார்ச்சில் முடித்து, சீட்டிலேயே மே மாதத் தேதி போட்டுக் கொடுத்தால் ஜூனில் பள்ளி திறக்கும்போது கண்ணாடியோடு வரலாம். ஆடியில் கொடுத்த சீட்டு புத்தகப் பைக்குள் கசங்கிக் கிடக்கும்.

கண்ணாடி வந்ததும் வலது இடது மாறியிருக்கிறதா என்று ஆசிரியரே பார்த்துவிடலாம். கையை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை இடவலமாக அசையுங்கள். மைனஸ் என்றால் கம்பியும் கூடவே நகரும், பிளஸ் என்றால் எதிர்ப்பக்கம் போகும். சீட்டில் வலது மைனஸ் ஒன்று, இடது மைனஸ் இரண்டரை என்றிருந்தால் இடது லென்ஸில் கம்பி அதிகமாக ஓடவேண்டும். இலவச பிரேம்களின் தரம் பரவாயில்லை ரகம்; உப்புக் காற்றில் கீல் ஆணி துருப்பிடித்துக் காது உடையும், பிளாஸ்டிக் பிரேம் கேட்டு வாங்குவது மேல். சட்டை நுனியால் துடைத்தால் மணல் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீர், பிறகு துணி.