மின்னஞ்சல் கணக்கு பூட்டிக்கொண்ட 19 நாட்களும், அதன்பின் இரண்டு வருடமும்

பதினான்கு வருடமாக எனக்கு ஒரே மின்னஞ்சல் முகவரிதான். வேலைக் கடிதங்கள், வங்கி அறிக்கைகள், புகைப்படங்கள், அப்பா கடைசி வருடத்தில் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அதற்குள்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கணக்குக்குள் போக முடியாமல் போனது. மறுபடி உள்ளே நுழைய 19 நாள் பிடித்தது. யாரும் ஹேக் செய்யவில்லை. பாஸ்வேர்டும் எனக்கு மறக்கவில்லை. அப்படியும் பூட்டிக்கொண்டது. அது எப்படி நடந்தது, அதன்பிறகு நான் செய்துகொண்ட ஏற்பாடுகளில் எது இன்றுவரை உதவுகிறது, எது தொல்லை தருகிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

போன் கீழே விழுந்து உயிரை விட்டது. போர்டே போய்விட்டது என்றார் பழுது பார்த்தவர். புதுப் போன் வாங்கி அதே சிம்மைப் போட்டேன். நம்பர் மாறவில்லையே, எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். வங்கி ஓடிபி வந்தது. மின்னஞ்சலில் பாஸ்வேர்டு கொடுத்ததும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. அந்த எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலியை இறக்கித் திறந்தேன். பட்டியல் காலியாக இருந்தது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. ஓடிபி போல யாரோ அனுப்புகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். யாரும் அனுப்புவதில்லை. முதல்முறை கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் பதிகிறது. அதே சாவி சேவையின் சர்வரிலும் இருக்கிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு முறை, இரு பக்கமும் தனித்தனியாக ஒரே எண்ணைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. 2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6238 என்ற பொதுத் தரநிலையில் இதன் முறை இருக்கிறது. இதற்கு இணையமும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். அதனால்தான் அதே சிம்மைப் போட்டும் எனக்குப் பயன் இல்லை. சாவி செத்துப்போன போனோடு போய்விட்டது. இப்போது பல செயலிகளில் சாவிகளை வேறு இடத்தில் நகலெடுத்து வைக்கும் வசதி உண்டு. என்னுடையதில் அதை நான் இயக்கியிருக்கவில்லை.

சரி, வேறு வழி இருக்கும் என்று தேடினேன். மூன்று வழி இருந்தது. மூன்றும் என் கையாலேயே அடைபட்டிருந்தது.

போன் இல்லாதபோது அந்த ஆறு இலக்க எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் பேக்கப் கோடுகளை எடுத்துப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், ஆனால் அதே கணக்கின் கிளவுட் சேமிப்பில். மீட்பு மின்னஞ்சலாகக் கொடுத்திருந்தது படிக்கிற காலத்து முகவரி. பல வருடம் தொடாததால் அது நீக்கப்பட்டுவிட்டது. மீட்புக்கான போன் நம்பரோ நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். நம்பர் மாறியபோது வங்கியில் மாற்றினேன், இங்கே மாற்ற மறந்தேன். விட்ட நம்பர் சும்மா இருக்காது, கொஞ்ச காலத்தில் வேறொருவருக்குப் போய்விடும். அந்த நம்பருக்கு அழைத்துப் பார்த்தேன். ஒரு பெண் எடுத்தார். ‘உங்களுக்கு ஒரு கோடு வரும், சொல்லுங்கள்’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்படிக் கேட்பவர்களிடம் எதையும் சொல்லாதே என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன்.

அடுத்தது மீட்புப் படிவம். கணக்கு எந்த மாதம், எந்த வருடம் தொடங்கப்பட்டது, இதற்கு முன் வைத்திருந்த பாஸ்வேர்டு எது என்று கேட்டது. நிரப்பி அனுப்பினேன். நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று பதில் வந்தது. பதற்றத்தில் அன்று மட்டும் ஐந்தாறு முறை அனுப்பினேன். இது பெரிய தவறு. அடுத்தடுத்துத் தோற்கும் முயற்சிகளைத் திருடனின் நடவடிக்கையாகவே அந்த அமைப்பு பார்க்கிறது. சில நாள் கழித்து முயலுங்கள் என்று கதவைச் சாத்திவிட்டது. பேச ஒரு மனிதர் கிடைக்கவில்லை. உதவிப் பக்கத்தைத் திறந்தால் மறுபடி அதே படிவத்துக்குத்தான் கொண்டுபோய் விட்டது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை. இத்தனை பேருடைய வாழ்க்கையைத் தன்னிடம் வைத்திருக்கும் ஒரு சேவை, அவசரத்துக்குப் பேச ஒரு ஆளையாவது வைக்க வேண்டும்.

மற்ற கணக்குகளும் ஒவ்வொன்றாக இதோடு சேர்ந்து நின்றன. புதுப் போனில் எந்தச் செயலியைத் திறந்தாலும், ‘உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு அனுப்பியிருக்கிறோம்’ என்றது. நான் பணிசெய்து கொடுத்த இருவர் பில் கேட்டு எழுதிய கடிதங்கள் உள்ளேயே கிடந்தன. இந்தப் பிரச்சினையைப் பற்றிப் பொதுவெளியில் எழுதியதும், கணக்கை மீட்டுத் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்று இரண்டு பேர் செய்தி அனுப்பினார்கள். தயவுசெய்து அவர்களை நம்பாதீர்கள். சேவைக்கு வெளியே இருக்கும் யாராலும் அதைச் செய்ய முடியாது. பணமும் போகும், கூடவே ஓடிபியையும் கறந்துவிடுவார்கள்.

வழி கிடைத்தது அக்கா வீட்டில். படிவத்தை எந்தக் கருவியிலிருந்து, எந்த நெட்வொர்க்கிலிருந்து அனுப்புகிறோம் என்பதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்று படித்தேன். வழக்கமாகப் பயன்படுத்திய கருவி, வழக்கமான இடம் என்றால் மதிப்பு கூடும். நான் முன்பு அக்காவோடு இருந்தபோது வைத்திருந்த லேப்டாப்பை அவள் மகளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். போன் செய்தேன்.

“பிரவுசர்ல உன் பேர்ல ஒரு வட்டம் இருக்குடி. தொட்டுப் பார்க்கட்டுமா?”

“தொடாதக்கா. அப்படியே வை, நான் வர்றேன்.”

அந்த பிரவுசரிலும் கணக்கு லாகின் காலாவதியாகித்தான் இருந்தது. ஆனால் அதே லேப்டாப், அதே வைஃபை. நிதானமாக ஒரே ஒரு முறை படிவத்தை நிரப்பினேன். தொடங்கிய வருடம் நிச்சயமாகத் தெரிய, என் முதல் கடிதம் யாருக்குப் போனதோ அந்தத் தோழியிடம் கேட்டு அவளுடைய பெட்டியில் தேதி பார்த்தேன். 48 மணிநேரம் காத்திருக்கச் சொன்னது. மூன்றாம் நாள் தொடர்புக்குக் கொடுத்திருந்த முகவரிக்கு இணைப்பு வந்தது.

உள்ளே போனதும் அப்பாவின் குரல் பதிவுகளைத்தான் முதலில் இறக்கினேன். 31 பதிவு. அவை இறங்கி முடிக்கும்வரை வேறு எதையும் தொடவில்லை.

இனி இந்த இரண்டு வருட ஏற்பாடு. பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு இரண்டு இடத்தில் வைத்தேன். எனக்குத் தெரிந்து இதைவிட எளிதான, இதைவிடப் பலன் தரும் காரியம் வேறு இல்லை. ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, போன் இல்லை என்று வைத்துக்கொண்டு, வேறொரு கணினியில், பிரவுசரின் தனிச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) லாகின் செய்து பார்ப்பேன். இரண்டாவது ஒத்திகையில் காகிதத்தில் இருந்த கோடு வேலை செய்யவில்லை. நடுவில் ஒருநாள் அமைப்புகளில் எதையோ பார்க்கும்போது புதுக் கோடுகளை உருவாக்கியிருக்கிறேன். புதியவை பிறந்ததும் பழையவை எல்லாம் செல்லாமல் போகும். ஒத்திகை பார்க்காமல் இருந்திருந்தால் செல்லாத காகிதத்தை நம்பிக்கொண்டே இருந்திருப்பேன். இப்போது காகிதத்தின் மேலேயே அச்சிட்ட தேதியை எழுதுகிறேன்.

ஆத்தென்டிகேட்டருக்கான கியூஆர் கோடு திரையில் இருக்கும்போதே இரண்டு கருவியில் ஸ்கேன் செய்துகொள்ளலாம். இரண்டிலும் ஒரே எண்தான் வரும். பழைய டேப்லெட் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

பென் டிரைவ் மாதிரி இருக்கும் செக்யூரிட்டி கீ இரண்டு வாங்கினேன். தினசரிப் பயன்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செருகித் தொட்டால் போதும். அதற்குள் இருக்கும் ரகசியச் சாவி வெளியே வராது. எந்தத் தளத்தில் பதிந்தோமோ அந்தத் தளத்துக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதால் போலித் தளம் ஏமாற்ற முடியாது. நகலெடுக்க முடியாது என்பதால் இரண்டு வேண்டும். இரண்டையும் முதல் நாளே எல்லாக் கணக்கிலும் பதிந்துவிட வேண்டும். நான் ஒன்றைத் தள்ளிப்போட்டு, பிறகு ஒரு வார இறுதி முழுக்க அதற்கே செலவானது.

பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகை, முகம் அல்லது போனின் பூட்டைத் திறக்கும் எண்ணைக் கொண்டு உள்ளே நுழைய விடும் பாஸ்கீயும் வசதிதான். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் 2022இல் சேர்ந்து அறிவித்த பிறகு நிறையத் தளங்களில் வந்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் ஏதாவது ஒரு பெரிய கணக்கில்தான் நகலாகிறது. அந்தக் கணக்கே பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை முதலில் யோசியுங்கள்.

முக்கியமான கணக்குகளை எல்லாம் சொந்த டொமைனில் (நம் பெயரில் பதிவுசெய்துகொள்ளும் இணையப் பெயர்) ஒரு முகவரிக்கு மாற்றினேன். மின்னஞ்சல் சேவை கைவிட்டாலும் டொமைனை வேறு சேவைக்குத் திருப்பிவிடலாம், முகவரி மாறாது. இதற்கு இரண்டு எச்சரிக்கை. டொமைன் பதிவுசெய்த கணக்கின் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. இருந்தால் நான் விழுந்த அதே குழிதான். புதுப்பிக்க மறந்தால் வேறொருவர் அந்த டொமைனை வாங்கி, உங்களுக்கு வரும் கடிதங்களை எல்லாம் பெற்றுவிடலாம். இந்தக் கவலை எனக்கு ஒவ்வொரு வருடமும் இருக்கிறது. அதை ஏற்க மனமில்லாதவர்களுக்கு டொமைன் வேண்டாம் என்றே சொல்வேன்.

மாதம் ஒருமுறை எல்லாக் கடிதங்களையும் இறக்கி வெளி ஹார்டு டிஸ்கில் வைப்பது என்று முடிவு செய்தேன். நடைமுறையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது.

ஒரே ஒரு இடம் இன்னும் சரியாகவில்லை. வேலைக்கு அவசியமான ஒரு சேவை எஸ்எம்எஸ் ஓடிபியைத் தவிர எதையும் ஏற்பதில்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட முறையாக வகைப்படுத்திவிட்டது. இதைக் குறிப்பிட்டு அந்தச் சேவைக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. அதுவரை இந்த நம்பரை விடுவதாக இல்லை. மற்றொரு சிம் வாங்கிய பிறகும், இதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.