ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் 8×42 பைனாகுலர்: ஈப்பிடிப்பான்களைப் பிரித்தறிய உதவுமா?

சேலத்தில் வாங்கிய நடுத்தர விலையுள்ள இந்த 8×42 பைனாகுலரை (8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன் கண்ணாடி), குளிர்காலத்தில் ஏற்காட்டில் காணப்படும் ஈப்பிடிப்பான்களை மனத்தில் வைத்தே மதிப்பிடுகிறேன். ஒன்றுபோல் தோன்றும் அச்சிறு பறவைகளைவிடக் கடுமையான சோதனை ஒரு பைனாகுலருக்குக் கிடையாது.

பழுப்பு ஈப்பிடிப்பானும் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானும் அளவிலும் அமரும் விதத்திலும் ஏறத்தாழ ஒன்றே. முன்னதற்குக் கால்கள் கறுப்பு. பின்னதற்கு வெளிர்மஞ்சள், கீழ் அலகும் அதே சாயல். சில்வர் ஓக் மர நிழலில் இந்த வேறுபாட்டைக் காட்டுவது பெருக்கத்தைவிட வெளிச்சமே. 42ஐ 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம்; அது 10×42இல் 4.2ஆகச் சுருங்கிவிடும். ஆகவேதான், மங்கலான காலையிலும் கால் நிறம் இதில் தெளிவாகத் தெரிகிறது. கை நடுக்கமும் குறைவாகவே படுகிறது.

நீல நிற ஈப்பிடிப்பான்களின் ஆண் பறவைகளில் பார்க்க வேண்டியது தொண்டை. டிக்கெல் நீல ஈப்பிடிப்பானுக்குச் செம்மஞ்சள் நிறம் தொண்டைவரை ஏறும். நீலத்தொண்டை ஈப்பிடிப்பானுக்கு அது மார்போடு நின்றுவிடும். இந்த எல்லைக்கோட்டை விளிம்பில் நிறம் பிரியாமல் காட்டுகிறது இக்கருவி. பெண் பறவைகளிடம் எந்தக் கண்ணாடியும் முழுமையாகக் கைகொடுக்காது, குரலையும் கேட்டாக வேண்டும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் முனையிலுள்ள கண்மூடிகள் தளர்ந்து தாமாக உள்ளே இறங்குவது எரிச்சலான குறை. கழுத்துப்பட்டையும் மெல்லியது, உடனே மாற்றிவிடுங்கள். தோட்ட நிழலில் பறவை பார்ப்பவர்கள் 10 மடங்குக்கு ஆசைப்படாமல் இதையே வாங்கலாம்.