8×42 பைனாகுலர்: பருந்து எண்ணக் காணும், மழைக்கு சரிவராது
ஐப்பசியில ஒன்லைன்ல ஓடர் பண்ணினது, ரெண்டு கிழமையா திருகோணமலை கோணேசர் கோயிலடியில நிண்டு வலசை வாற பருந்துகள எண்ணப் பாவிச்சுப் பாத்திட்டுத்தான் எழுதுறன். முந்தி சிநேகிதன்ட 10×42 தான் (10 மடங்கு பெருசாக்கும், 42 எண்டது முன் லென்சிட மில்லிமீற்றர் அகலம்), அந்தக் கடல் காத்துக்கு கை ஆடி பருந்தா காகமா எண்டே தெரியாது, இது 8 மடங்குதான் பெருசாக்கும் ஆனா படம் அவ்வளவா ஆடாது, தெரியிற பரப்பும் கூட, பறக்கிறத டக்கெண்டு பிடிக்கலாம். குளிர்காலத்துக்கு வடக்கால வாற விராலடிப்பான் (மீன் பிடிக்கிற பருந்து) ஒண்டு தலைக்கு மேலால போச்சு, வெள்ளை வயிறு, செட்டை மடியிற இடத்தில கறுப்புத் திட்டு, எல்லாம் கிளியர். செம்பருந்தும் வெள்ளை வயித்துக் கடல் கழுகும் எங்கட ஊர்க்காரர், அங்கயே சுத்திக்கொண்டு நிக்குங்கள், அதுகளையும் சேத்தா கணக்கு பிழைச்சிரும் (முதல் நாள் ஒரே செம்பருந்த நாலு தரம் எண்ணின ஆள் நான்).

வோட்டர்புரூப் எண்டு போட்டிருந்தாங்கள், ஒரு தூறலுக்கே லென்சுக்குள்ள புகார் பிடிச்சிட்டு. கடைக்கு மெசேஜ் போட்டா "அரிசிக்குள்ள வைங்கோ அண்ணா" எண்டு பதில். மூண்டு நாள் வச்சன், பாதிதான் போச்சு. கழுத்துப் பட்டியும் மெல்லிசு, அறுக்குது. மாரியில நிண்டு எண்ணுற ஆக்கள் வேற பாருங்கோ.