31 கிலோ சிட்டுவுக்கு ஒரு தூக்குப் பட்டை

பட்டை இரண்டு துண்டுகளாக வருகிறது. ஒன்று மார்பைச் சுற்றி, மற்றொன்று இடுப்பைச் சுற்றி. இரண்டிலும் முதுகுப் பக்கம் ஒரு கைப்பிடி. வயதான நாய் படி ஏறும்போது அதன் எடையில் ஒரு பங்கை நம் கை வாங்கிக்கொள்வதற்காகச் செய்தது. விலை 1,950 ரூபாய். பெரிய அளவு வாங்கினேன். ஐந்து மாதம், தினம் மூன்று வேளை உபயோகித்துவிட்டு எழுதுகிறேன். இதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் பலர் பார்சலைப் பிரித்த அன்றே எழுதியிருக்கிறார்கள். நிறம் அழகாக இருக்கிறதாம்.

நான் மத்திய ரயில்வேயின் பார்சல் ஆபீஸில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன். மூட்டை, கயிறு, தையல், எடை ஆகியவற்றில் இருக்கிற புத்தி உங்களுக்கு வேறெதிலும் இல்லை என்று மனைவி சொல்வாள். ரயிலில் நாயை அனுப்புகிறவர்களும் எங்களிடம்தான் வருவார்கள். பிரேக் வேனில் நாய்க்கென்று ஒரு பெட்டி உண்டு. எடை போட்டு ரசீது எழுதிக் கொடுப்போம். தராசில் நிற்கிற நாய் தன் ஆளையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வையைப் பல வருடம் பார்த்துவிட்டு, நம் வீட்டுக்கு இந்த வம்பு வேண்டாம் என்று வைத்திருந்தேன். 2012இல் மகள் ஒரு லாப்ரடார் குட்டியைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது, சிட்டு என்று பெயர் வைத்தோம். பிறகு மகள் கல்யாணமாகிப் புனேக்குப் போனாள். சிட்டு எங்களோடு தங்கிவிட்டாள். இப்போது 31 கிலோ.

எங்கள் வீடு மும்பையில், சயான் கோலிவாடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி வீதம் மொத்தம் 54. இறங்கி ஏறினால் 108. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்கும் படிகள் 108தான். முருகனுக்கு எப்போதாவது ஏறினால் போதும். சிட்டுவுக்குத் தினம் மூன்று முறை ஏற வேண்டும்.

போன வருடம் மழைக்காலத்தில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் வந்து நின்றுவிட்டாள். மூச்சு வாங்கவில்லை, படுக்கவும் இல்லை. மேலே இருக்கும் பதினெட்டுப் படிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பழைய தராசுப் பார்வை. அன்று அவளை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினேன், மறுநாள் நான் படுக்கையில் கிடந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. மொசைக் தரையில் பின்கால் வழுக்கிப் பிளந்துகொள்கிறது. கண்ணில் நீலப் புகைபோல ஏதோ படர்ந்திருக்கிறது. ராத்திரியில் எழுந்து வாசல் கதவின் கீல் பக்கம் போய் நின்றுகொண்டு, கதவு அந்தப் பக்கம் திறக்கும் என்று காத்திருக்கிறாள். பதின்மூன்று வருடமாகத் தெரிந்த கதவு.

மகள் ஒரு கணக்கு அனுப்பினாள். நாயின் வயதை ஏழால் பெருக்குகிற பழைய வழக்கம் சரியில்லையாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்தவர்கள் 104 லாப்ரடார்களின் மரபணுவில் வயதோடு நேரும் ரசாயன மாற்றங்களை ஆராய்ந்து 2020இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை (natural log) எடுத்து, 16ஆல் பெருக்கி, 31ஐக் கூட்ட வேண்டும். 13 வயதுக்கு 72 வந்தது. எனக்கு 71. “வீட்டில் உங்களுக்கு மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள், இனி வா போ என்று பேசாதீர்கள்” என்றாள் மனைவி. சிரித்தேன். அன்று ராத்திரியிலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

இரண்டு மணிக்கு விழிப்பு வரும். இருட்டில் அவள் விலா ஏறி இறங்குவது தெரியாது. செல்போன் விளக்கை அடிப்பேன். வெளிச்சம் பட்டு அவள் எழுந்துவிடுவாள், பாவம் வாலையும் ஆட்டுவாள். படுத்துக்கொண்டு அரை மணியில் மறுபடி எழுவேன். ஒரே ராத்திரியில் ஏழு முறை எழுந்ததுண்டு. எதிர் வீட்டுக்காரர் தன்னுடைய மூட்டுவலி மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நல்லவேளை, எங்கள் டாக்டரிடம் முதலில் கேட்டேன். அவர் மராத்திக்காரர், சிட்டுவை ஆஜி, அதாவது பாட்டி, என்று கூப்பிடுகிறவர். நான் அவர் கோபத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்றார். டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி மடிந்த கதையையும் சொன்னார். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மலபார் ஹில்லில், பார்சிகள் இறந்தவர் உடலைக் கழுகுகளுக்காக வைக்கிற அமைதிக் கோபுரங்களுக்குக் கழுகு வராமல் போன செய்தியை நானே படித்திருக்கிறேன். என் அலமாரியிலும் இருக்கும் மருந்துதான் அதற்குக் காரணம் என்பது அதுவரை தெரியாது.

பரேலில் 1883 முதல் இருக்கும் பாய் சக்கர்பாய் விலங்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஆடும், துண்டில் சுற்றிய புறாவும் காத்திருந்தன. இடுப்பு மூட்டில் தேய்மானம். கண்ணில் இருப்பது புரை அல்ல, வயதில் கண் வில்லை (லென்ஸ்) இறுகுவதால் வரும் மங்கல், பார்வை பெரும்பாலும் இருக்கும் என்றார் டாக்டர். நாய்க்கான வலி மருந்தை எடை பார்த்து எழுதினார். தயிர்சாதத்தைப் பாதியாக்கச் சொன்னார், அப்போது சிட்டு 34 கிலோ. கதவுக் குழப்பத்துக்கு, ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும், சாமான்களை இடம் மாற்றாதீர்கள் என்றார். தூக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் பயமில்லை, தினம் ஒரு முறை எண்ணி எழுதுங்கள், எழுதிய பிறகு மறுபடி எண்ணாதீர்கள் என்றும் சொன்னார். கடைசியாக, “ஆஜியைத் தூக்காதீர்கள், தாங்குங்கள். ஒரு பட்டை வாங்குங்கள்” என்றார்.

பழைய ரயில்வே டைரி ஒன்றில் எழுதத் தொடங்கினேன். முதல் நாள் 18. மறுநாள் 20. இரண்டு மணிக்கு விழிப்பு வருவது நிற்கவில்லை. ஆனால் எண் ஏற்கெனவே டைரியில் இருக்கிறது, பதிவான பார்சலை மறுபடி எடை போடுகிற வழக்கம் எங்கள் ஆபீஸில் இல்லை.

பட்டை வருவதற்கு முன் ஈரிழைத் துண்டால் சமாளித்தோம். வயிற்றுக்கடியில், பின்னங்காலுக்குச் சற்று முன்னால் கொடுத்து இரு முனையையும் மேலே பிடித்துக்கொள்வது. இதுவும் டாக்டர் சொன்னதுதான். காசு செலவில்லாத வழி, ஆனால் கனமான நாய்க்குத் துண்டு சுருண்டு வயிற்றை அறுக்கிறது, நம் உள்ளங்கையும் சிவந்துபோகிறது. பட்டையில் அகலம் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

மாட்டிவிடப் பழக ஒரு வாரம் ஆனது. சிட்டு முதல் நாள் அவமானப்பட்டவள்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஏறும்போது பின் கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும், உந்துகிற பலம் பின்காலில்தான் குறைந்திருக்கிறது. இறங்கும்போது முன் கைப்பிடி. எடை முழுவதும் முன்காலுக்குப் போய்த் தலைகுப்புறச் சரியப் பார்ப்பாள். இதைப் பட்டையோடு வந்த தாளில் எழுதவில்லை, நாங்களே கண்டுபிடித்தோம். கால் தரையைத் தொட வேண்டும், நடப்பது அவளாகவே இருக்க வேண்டும். ஐந்து கிலோ, ஆறு கிலோ அளவுக்கு நாம் வாங்கிக்கொண்டால் போதும். என் கைக்கு எடை தெரியும். அவளுக்கு நல்ல நாளென்றால் நான்கு, மழை நாளென்றால் எட்டு. இப்போதெல்லாம் படியில் அவள் முகத்தைப் பார்த்துக் கலங்க எனக்கு நேரமில்லை. எத்தனை கிலோ என்று கை கவனித்துக்கொண்டிருக்கிறது. அதையும் டைரியில் மூச்சுக்குப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுகிறேன்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். ஒன்பதாவது வாரம், மழை நாள், இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு மூன்று படி முன்னால், பின் கைப்பிடியின் தையல் விட்டுவிட்டது. என் கையில் வெறும் பிடி. சிட்டு இரண்டு படி சறுக்கி உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் என் கால் நடுக்கம் நிற்கச் சிறிது நேரமானது. எதிர் வீட்டுப் பையன் வந்துதான் இருவரையும் மேலே சேர்த்தான். விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். பத்து நாளுக்குள்தான் திருப்பி எடுப்போம் என்று பதில் வந்தது. கடைசி வரியில், உங்கள் செல்லப்பிராணி மகிழ்ச்சியாகத் துள்ளி விளையாட வாழ்த்துகள்.

துள்ளி விளையாடுகிற நாய்க்கு எதற்கு இந்தப் பட்டை?

மறுநாள் பட்டையை மடித்து எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். தொண்ணூறு அடிச் சாலைக்கு உள்ளே, தோல் பை தைக்கிற ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். அங்கே தோல் தொழிலுக்கு வந்த பல குடும்பங்கள் அந்தச் சீமைதான். பிரிந்த இடத்தை விரலால் நீவிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இதில் என்ன எடை தூக்குகிறீர்கள்?”

“31 கிலோ நாய், தம்பி.”

“இது பள்ளிக்கூடப் பைக்குப் போடுகிற நூல்.” நூலைப் பிய்த்து என் கையில் வைத்தார். பிறகு வயிற்றுப் பக்கத்தைத் திருப்பி, ஓரம் உரசுகிறதா என்று கேட்டார். உரசுகிறது, அக்குள் பக்கம் முடி உதிர்ந்திருக்கிறது என்றேன். அந்த இடத்துக்கு மெல்லிய ஆட்டுத்தோல் வைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். நூலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தலை நிமிராமலே கேட்டார்: “எத்தனை நாளைக்குத் தாங்க வேண்டும்?”

தொழில்காரர் கேட்கிற சாதாரணக் கேள்வி. அதற்குத் தகுந்த நூல், அதற்குத் தகுந்த காசு. எனக்குப் பதில் வரவில்லை. மேலே தொங்கிக்கொண்டிருந்த பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நாயின் வயதைக் கேட்டார், சொன்னேன்.

“சரி அண்ணாச்சி. பத்து வருஷத்துக்குத் தைத்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு இருப்பதிலேயே தடித்த நூலை எடுத்தார். 150 ரூபாய் வாங்கினார். மூன்று மாதமாகிறது, ஒரு இழைகூட நகரவில்லை.

மற்ற குறைகள் சில்லறைதான். ஒட்டி மூடுகிற வெல்க்ரோவில் முடி சிக்கி வாரம் ஒரு முறை சீப்பால் வார வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் துவைத்தால் காய ஒன்றரை நாள் ஆகும், ஒரு வாடையும் தங்கும். படுக்கும்போது கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் புண் வரும். ஆண் நாய்க்கு வாங்குகிறவர்கள் இடுப்புத் துண்டு சிறுநீர் போகிற இடத்தை மறைக்காமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உயரமானவர்கள் நீளக் கைப்பிடி உள்ளதைத் தேடுங்கள், இதில் குனிந்தே நடக்க வேண்டும். பட்டை எதுவானாலும் வீட்டுத் தரையில் ரப்பர் விரிப்பு போடுங்கள். கோரைப்பாய் போட்டுப் பார்த்தோம், பாயும் அவளும் சேர்ந்து வழுக்கினார்கள்.

இந்தத் தீபாவளிக்கு ஒன்று நடந்தது, பட்டைக்குச் சம்பந்தமில்லாதது. பட்டாசுச் சத்தத்துக்கு வருடா வருடம் கட்டிலுக்கடியில் ஒடுங்கி நடுங்குகிறவள், கீழே சரவெடி வெடித்தபோது வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காது போய்விட்டது. மனைவி பஞ்சும் போர்வையுமாக ஓடி வந்தவள் அப்படியே நின்றாள். பிறகு இருவரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினோம். 19. வாசலில் வெடிக்கிற எதுவும் இனி அவளை எழுப்பாது. படியில் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் கைப்பிடியை இரண்டு முறை லேசாக இழுத்தால் நில், ஒரு முறை இழுத்தால் நட என்று பழக்கியிருக்கிறேன். மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள்.

பட்டைக்கு மூன்று நட்சத்திரம். நல்ல நூல் போட்டு விற்றால் ஐந்தும் கொடுப்பேன். வாங்கியவுடன் கைப்பிடித் தையலை ஒரு தோல்காரரிடம் கொடுத்து இரட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள், தைத்த பிறகு மட்டும் படியில் இறக்குங்கள். 12 கிலோவுக்குக் குறைந்த நாய் என்றால் 1,950 ரூபாய் தண்டம். ஈரிழைத் துண்டே போதும், மாட்டுங்கா மார்க்கெட்டில் நல்லதாகக் கிடைக்கிறது.