மார்ஜின்ஸா, இஎம்மீன்ஸா?

வேளச்சேரியில் ஒரு வீடு கோடையில் லாரித் தண்ணீர் வாங்குமா என்று, ஆம்/இல்லை விடைகளைக் கணிக்கும் லாஜிட் மாடல் போட்டாயிற்று. மாடல் தரும் குணகத்தைக் காட்டினால் யாருக்குப் புரியும்? நிகழ்தகவாகச் சொல்ல வேண்டும்.

ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் மார்ஜின்ஸ் கட்டளை நேராக நிகழ்தகவே தரும். தரவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கணித்து, அப்புறம் சராசரி எடுக்கும். புள்ளியியலுக்கான ஆர் மொழியின் இஎம்மீன்ஸ் தொகுப்பு அப்படியல்ல. வருமானத்தைச் சராசரியில் நிறுத்தி, சொந்த வீடு, வாடகை வீடு இரண்டுக்கும் சம எடை கொடுத்துவிடும். தரவில் முக்கால்வாசி வாடகை வீடு என்றால் விடை மாறிவிடும். போதாததற்கு, டைப் என்ற அமைப்பில் ரெஸ்பான்ஸ் என்று சொல்லாவிட்டால் நிகழ்தகவில் அல்ல, லாக் ஆட்ஸில்தான் (வாங்கும், வாங்காத வாய்ப்புகளின் விகிதத்துக்கு லாக் எடுத்த எண்) பேசும்!

திட்டமிட்ட சோதனை ஆய்வுக்குச் சம எடை சரி. வீட்டுக் கணக்கெடுப்புக்கு என் ஓட்டு மார்ஜின்ஸுக்கே. ஸ்டேட்டா உரிமம் வாங்கக் காசில்லையா, இலவச ஆரிலேயே மார்ஜினல்எஃபெக்ட்ஸ் தொகுப்பு அதே பாணியில் சராசரி எடுத்துத் தரும்.