தமிழ்99ஆ, ஒலிபெயர்ப்பா? உங்கள் எழுத்து வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கணினியில் தமிழ் எழுத, தமிழ் எழுத்துகளுக்கே தனி விசைகள் உள்ள தமிழ்99 விசைப்பலகை நல்லதா, ஆங்கில எழுத்தில் ‘ammaa’ என்று தட்டி ‘அம்மா’ பெறும் ஒலிபெயர்ப்பு நல்லதா என்று கேட்டால், ஆளாளுக்குத் தாங்கள் பழகியதைச் சொல்வார்கள். வாதம் பெரும்பாலும் வேகத்தைச் சுற்றியே நடக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எழுத உட்காரும்போது வாக்கியம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான். யோசித்தபடியே எழுதுகிறீர்களா, தாளைப் பார்த்து அடிக்கிறீர்களா, பேசியதை எழுத்தாக்குகிறீர்களா?

ஒலிபெயர்ப்பு முறையில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. ஆங்கில விசைப்பலகை கைக்குப் பழகியிருந்தால் அன்றே எழுதத் தொடங்கிவிடலாம். வாட்ஸ்அப் பதில், நாலு வரி மின்னஞ்சல், தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும் அலுவலக வேலை இதற்கெல்லாம் இது தாராளமாகப் போதும். நீளமாக எழுதும்போதுதான் சிரமம். அஞ்சல் என்ற விசைப்பலகை போன்ற ஒலிபெயர்ப்பு முறைகளில் ண, ள, ற மூன்றுக்கும் ஷிஃப்டை அழுத்த வேண்டும். ‘மனம்’ என்பதும் ‘மணம்’ என்பதும் அந்த ஒரு ஷிஃப்டில்தான் பிரிகின்றன. தட்டத் தட்டப் பொருத்தமான சொற்களின் பரிந்துரைப் பட்டியல் காட்டும் வகையிலோ, ஒவ்வொரு சொல் முடிந்ததும் கண் பட்டியலுக்குப் போய்த் திரும்புகிறது. சின்ன ஊர்ப் பெயர்களும் வட்டாரச் சொற்களும் பல சமயம் அதில் இருக்காது. கதை எழுதுகிறவருக்கு இது பெரிய தொல்லை. பாத்திரம் பேசும் பேச்சையே கருவி திருத்தப் பார்க்கும்.

தமிழ்99 வேறு அடிப்படையில் செய்யப்பட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு இதைத் தரப்படுத்தியது. 12 உயிரும் இடக்கைப் பக்கம், 18 மெய்யும் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். உயிர்மெய் எழுதும்போது கைகள் மாறி மாறி இயங்கும். எழுத்துகளில் ஆய்தத்துக்கும் ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளுக்கும் மட்டுமே ஷிஃப்ட் தேவை. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ந்த போன்ற இணைகளுக்கும் அப்படித்தான். ‘வந்தான்’ என்பதற்கு வ, ந, த, ஆ, ன, புள்ளி என்று 6 தட்டல். ஒலிபெயர்ப்பில் அதே சொல்லுக்கு 8. ‘மனனம்’ மாதிரிச் சொல் வந்தால் மட்டும் இரண்டு ‘ன’வுக்கும் நடுவே ‘அ’ தட்ட வேண்டும், இல்லாவிட்டால் ‘மன்னம்’ ஆகிவிடும்.

தட்டல் குறைவது கூட எனக்கு இரண்டாம்பட்சம். தமிழ்ச் சொல்லை மனதுக்குள் ஆங்கில எழுத்தாக மாற்றும் வேலையே இதில் இல்லை. ந, ன, ண தனித்தனி விசைகளில் இருப்பதால், எந்த எழுத்து என்று தெரிந்துதான் விரல் போகும். தினமும் ஒரு பக்கமாவது தமிழில் எழுதுகிறவர் தமிழ்99 பழகியே ஆக வேண்டும் என்பேன். தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும், சரி. கையில் அவசர வேலை இருக்கும் வாரத்தில் மட்டும் மாறாதீர்கள்.

தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் படித்து இளநிலை, முதுநிலை தேறியவர்களுக்கு என் பதில் வேறு. ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, அப்புறம் கால் என்று எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அவர்கள் விரல் ஓடும். தாளைப் பார்த்து அடிக்கும் வேலைக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. பழைய தட்டச்சு முறையிலேயே, எல்லாக் கருவிகளிலும் படிக்க முடிகிற யுனிகோடு குறியீட்டில் எழுதவும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவர்களை மாறச் சொல்வதில் நியாயமில்லை. இலங்கையில் புழங்கும், தட்டச்சு முறையைச் சார்ந்த ரெங்கநாதன் விசைப்பலகையில் கை ஊறியவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

குரல்வழி எழுத்து? 2017இல் கூகுள் தமிழுக்கும் அதைத் திறந்துவிட்டது. நேர்காணல் குறிப்பு, கை வலி உள்ளவர்கள், விசைப்பலகையே பழகாத பெரியவர்கள் என்றால் தயங்காமல் இதைப் பரிந்துரைப்பேன். ஆனால் நாம் ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி ஒலித்தால் பள்ளி பல்லியாகும் வாய்ப்பு உண்டு. நிறுத்தக்குறிகளையும் சந்தி ஒற்றுகளையும் பின்னால் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். முதல் வரைவுக்குச் சரி, அச்சுக்குப் போகும் பிரதிக்கு அது மட்டும் போதாது.

தமிழ்99ஐப் பழகிப் பார்க்கச் செலவு எதுவும் இல்லை. விண்டோஸிலும் மேக்கிலும் மொழி அமைப்புக்குள்ளேயே அது இருக்கிறது. செல்பேசியில் செல்லினம் என்ற செயலி தமிழ்99, அஞ்சல் இரண்டையும் தருகிறது.